நியூட்ரலில் லடலட, கிளட்ச் மிதித்தால் அமைதி: ஒரு பிக்கப்பில் நான் தப்பு செய்த இடமும் பிடித்த இடமும்

வண்டி வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். டீசல் பிக்கப், 4 சிலிண்டர், 2.5 லிட்டர், காமன் ரெயில், 5 கியர், மீட்டரில் 1,62,000 கிலோமீட்டர். வாரத்தில் ரெண்டு நாள் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மளிகையும் காய்கறியும் ஏற்றுகிற வண்டி, மற்ற நாட்களில் கிணத்துக்கடவு சந்தையில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்காடு பக்கம் போகும். ஓட்டுகிற தம்பிதான் ஓனரும். இறங்கினதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கியர்பாக்ஸ் போயிருச்சுங்ணா, பேரிங் மொத்தமா மாத்தோணும்னு சொல்லிட்டாங்க, நீங்க எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க."

இப்படி முடிவோடு வருகிற வண்டிதான் எனக்குப் பயம். என்ன சத்தம் என்று சொன்னால் தேடலாம், எந்த பார்ட் போனது என்று சொல்லிவிட்டால் நம்ம காதும் அந்த பார்ட்டையே தேடும்.

சரி, இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். நல்ல சூட்டில் இருந்தது வண்டி. நியூட்ரலில், கிளட்சிலிருந்து கால் எடுத்த நிலையில், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி லடலடவென்று ஒரு சத்தம், கியர் ராடுக்கு நேர் கீழேயிருந்து. கிளட்சை மிதித்தால் ரெண்டு நொடியில் சுத்தமாக நின்றுவிடுகிறது. விட்டால் மறுபடி ஆரம்பிக்கிறது. "காலைல எடுக்கறப்ப இருக்காதுங்ணா, கிணத்துக்கடவு தாண்டினதுக்கப்புறம்தான் வரும்" என்றார் தம்பி. இந்த ஒரு வரியை அவர் போகிற போக்கில் சொன்னார். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

கிளட்ச் மிதித்தால் நிற்கிற சத்தம் என்றால் நம்ம ஊரில் பத்தில் எட்டு பேர் உடனே 'இன்புட் ஷாஃப்ட் பேரிங்' என்றுதான் சொல்வோம். இன்ஜின் சுற்றலை கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகிற தண்டு இன்புட் ஷாஃப்ட், அதைத் தாங்குவது அந்தப் பேரிங். பாதி சரிதான். மிதித்ததும் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும், இன்புட் ஷாஃப்ட் நிற்கும், அதோடு சேர்ந்து சுற்றுகிற பக்கத்துத் தண்டான கவுண்டர் ஷாஃப்ட்டும் அதன் மேல் கோத்திருக்கிற கியர்களும் நிற்கும். ஆக, நிற்கிற அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் சத்தம் போடுகிறார் என்பது மட்டும் உறுதி. யார் என்று அது சொல்லாது. பேரிங்காக இருக்கலாம், இல்லை பேரிங் எல்லாம் நன்றாக இருந்தும் கியர் பல்லோடு பல் தட்டுகிற சத்தமாகவும் இருக்கலாம். இது ரெண்டையும் பிரிக்காமல் கியர்பாக்ஸைப் பிரித்தால் பேரிங் செட் மாற்றி, லேபர் வாங்கி, வண்டியை வெளியே விட்டு, மறுநாள் அதே சத்தத்தோடு திரும்ப வாங்க வேண்டியதுதான்.

பிரிக்கிற வழி ரொம்ப சுலபம், ஸ்பேனரே தேவையில்லை. ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்து ஸ்லோ ஸ்பீடிலிருந்து (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடுகிற வேகம்) ஒரு 300, 400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) மட்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். தேய்ந்த பேரிங் என்றால் 'உர்ர்' என்ற சத்தம் ஆர்பிஎம்மோடு சேர்ந்து கூடவே ஏறும், ஒருபோதும் காணாமல் போகாது. இந்த வண்டியில் 1,100 தாண்டினதும் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. விட்டு 750-க்கு வந்ததும் மறுபடி லடலட. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன், ஆல்டர்னேட்டர் லோடு ஏறினதும் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது. பேரிங்குக்கு ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்பது தெரியாது. அப்போதே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது, இது பல் தட்டுகிற சத்தம்.

ஏன் தட்டுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். 4 சிலிண்டர் வண்டியில் கிராங்க், அதாவது இன்ஜினின் முக்கியத் தண்டு, ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை ஃபயரிங் நடக்கும். 750 ஆர்பிஎம் என்றால் நிமிஷத்துக்கு 1,500, அதாவது நொடிக்கு 25 உதை. ஒவ்வொரு உதையிலும் கிராங்க் ஒரு துளி வேகமாகி, அடுத்த கம்ப்ரஷனில் ஒரு துளி மெதுவாகும். நம் கண்ணுக்கு ஒரே சீராகச் சுற்றுகிற மாதிரி தெரிந்தாலும் உள்ளே அது உந்தி உந்தித்தான் சுற்றுகிறது, டீசலில் இன்னும் மோசம். இந்த உந்தல் அப்படியே, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கிளட்ச் பிளேட் வழியாக இன்புட் ஷாஃப்டுக்குப் போகிறது. நியூட்ரலில் கியர்களுக்கு இழுக்க வேண்டிய லோடு எதுவும் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இருக்கிறது. லோடு இருந்தால் பல் ஒரு பக்கமாக அழுந்திக்கொண்டு சுற்றும், லோடு இல்லாததால் இங்கும் அங்கும் போய் மோதுகிறது. சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்புகிற வண்டியைப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறீர்களா? போகும்போது அதே ரோடு, அதே பெட்டி, சத்தம் இருக்காது.

ஆர்பிஎம் ஏறினால், கிராங்க் முனையில் இருக்கிற ஃப்ளைவீல் சக்கரத்தின் கனமே அந்த உந்தலைச் சமன் செய்துவிடும், அதனால் சத்தம் நிற்கிறது. காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும், பல்லுக்கு நடுவில் மெத்தை மாதிரி நிற்கும், கியர்களை லேசாகப் பிடித்தும் வைக்கும், அதனால் சத்தம் இல்லை. சூடானால் ஆயில் இளகிவிடும். கிணத்துக்கடவு தாண்டினதும் வருகிறது என்று தம்பி சொன்னது இதைத்தான்.

அப்போ இன்னொரு கேள்வி வர வேண்டும். எல்லா டீசல் வண்டியும் உந்தித்தான் சுற்றுகிறது, எல்லா கியரிலும் இடைவெளி உண்டு, பின்னே எல்லா வண்டியும் ஏன் லடலடக்கவில்லை? நடுவில் ஒரு சல்லடை இருக்கிறது, அதுதான் காரணம். சில வண்டிகளில் ரெண்டு துண்டாகச் செய்து நடுவே ஸ்பிரிங் வைத்த ஃப்ளைவீல் வரும், டூயல் மாஸ் என்பார்கள். இந்த வண்டியில் அது இல்லை, ஒரே கட்டி ஃப்ளைவீல். அதனால் அந்த வேலை முழுக்க கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கிற ஸ்பிரிங்குகள் தலையில். பெரிய ஸ்பிரிங் வண்டி இழுக்கும்போது வருகிற உதைக்கு. அதற்குள்ளேயே மறைந்தாற்போல் மெல்லிசான சின்ன ஸ்பிரிங் சில பிளேட்டுகளில் இருக்கும், அது ஸ்லோ ஸ்பீடு உந்தலுக்கு என்றே இருக்கிற ஐட்டம். கூடவே உராய்கிற வாஷர் ஒன்று, ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவதற்கு.

ஆக மூன்று இடம்: உந்துகிற இன்ஜின், வடிகட்டுகிற பிளேட், தட்டுகிற கியர். சத்தம் கேட்பது என்னவோ மூன்றாவது இடத்தில், குற்றவாளி முதல் ரெண்டில் இருந்தாலும் மாட்டிக்கொள்வது அதுதான்.

நான் தப்பு செய்த இடம் இதற்கப்புறம்தான். தம்பியிடம் கிளட்ச் எப்போ மாற்றினீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு மாசம் கூட ஆகலைங்ணா, புதுசு" என்றார். புதுசு என்றதும் பிளேட்டை என் மனசிலிருந்து தள்ளி வைத்துவிட்டு இன்ஜின் பக்கம் போய்விட்டேன். புதுசு என்றால் என்ன புதுசு என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் நாலு நாள் மிச்சமாகியிருக்கும்.

அதற்கு முன்னால் மீதியையும் பார்த்துவிட்டேன், அவசரப்படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பெடலில் விரல் வைக்கிற அளவு மட்டும் கால் வைத்து, கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கைக் கேட்டேன், கீச்சோ கரகரப்போ இல்லை. முழுக்க மிதித்து, முதல் கியர் போட்டு, வண்டியை நகர்த்தாமல் நிறுத்திக் கேட்டேன். பைலட் பேரிங் சத்தம் போட்டால் இப்போதுதான் போடும், ஏனென்றால் கிராங்க் சுற்றும், இன்புட் ஷாஃப்ட் நிற்கும், ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது அந்தச் சின்ன பேரிங். அதுவும் அமைதி. அடியில் படுத்து சைலன்சர் ஹீட் ஷீல்டை மரக்கட்டையால் தட்டிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், தளர்ந்த ஹீட் ஷீல்டுக்காக கியர்பாக்ஸ் இறக்கின கதை எங்கள் தெருவிலேயே ஒன்று உண்டு.

அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் அதே லடலட, 1,600 தாண்டினால் இல்லை. நாலாவது கியரையும் கவனித்தேன். இந்த மாதிரி பின்சக்கர டிரைவ் கியர்பாக்ஸ் பெட்டியில் நாலாவது நேர் கியர், இழுவை கவுண்டர் ஷாஃப்ட் வழியாகப் போகாமல் இன்புட்டிலிருந்து நேராக, வெளியே போகிற மெயின் ஷாஃப்டுக்குப் போகும். மற்ற கியர்களில் உர்ரென்று இருந்து நாலாவதில் மட்டும் அடங்கினால் இன்புட் அல்லது கவுண்டர் பேரிங் மேல் சந்தேகப்படலாம். இங்கே அப்படி ஒரு உர்ரே இல்லை, எந்த கியரிலும்.

கியர் ஆயிலை இறக்கினேன். வெளியே இறங்கும்போதே தெரிந்தது, வெல்லப்பாகு மாதிரி கெட்டி. விசாரித்தால், சத்தம் வந்ததும் முதலில் பார்த்த இடத்தில் 85டபிள்யூ-140 ஊற்றியிருக்கிறார்கள். இந்த வண்டிக்கு மேனுவலில் போட்டிருப்பது 80டபிள்யூ-90. கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் ஒரு வாரம் அடங்கின மாதிரி இருக்கும், காலையில் ரெண்டாவது கியர் விழாது, சூடானால் சத்தம் திரும்ப வரும். தலைவலிக்குத் தலையைச் சுற்றித் துணி கட்டுகிற வைத்தியம். டிரெயின் பிளக் காந்தத்தில் கறுப்பு மை மாதிரி நைசான படிவு மட்டும்தான், விரலில் தேய்த்தால் வழுவழுப்பு. செதிலோ, பல் துணுக்கோ, பேரிங் உரிந்த தகடோ எதுவும் இல்லை. 1,62,000 ஓடின பெட்டிக்கு அது மரியாதையான வயிறு. பேரிங் மொத்தமும் போனது என்று சொன்னவர் இந்த பிளக்கைக் கழற்றியே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இன்ஜின். ஸ்கேனர் மாட்டினால் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும், வண்டியின் கம்ப்யூட்டர் செய்கிற டீசல் அளவுத் திருத்தம் மற்ற மூன்றைவிடத் தள்ளி நின்றது. இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வெளியேறுகிறது என்று பார்த்தேன். எங்களிடம் இதற்குப் பெரிய கருவி இல்லை, மெடிக்கலில் வாங்கின சலைன் ட்யூப் நாலு, ஒரே அளவு மருந்து பாட்டில் நாலு, கம்பியில் கட்டி பானெட்டில் தொங்கவிட்டு ஸ்லோ ஸ்பீடில் ஓடவிடுவோம். மூன்றாவது பாட்டில் மற்றதைப்போல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நிறைந்தது. இதோ பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு சிலிண்டர் மட்டும் வேறு மாதிரி உதைத்தால் உந்தல் கூடும், உந்தல் கூடினால் பல் தட்டும், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது. அந்த இன்ஜெக்டரை பம்ப் கடையில் கொடுத்து சர்வீஸ் செய்து, கியர் ஆயிலும் சரியான கிரேடு ஊற்றி, ஓடவிட்டேன். சத்தம் பாதிக்குப் பாதி குறைந்தது. தம்பிக்கும் திருப்தி, போய்விட்டார்.

நாலாவது நாள் திரும்பி வந்தார். "வால்பாறை போயிட்டு வந்தனுங்ணா, கீழ ஆழியாறு செக்போஸ்ட்ல நிக்கறப்ப பக்கத்து வண்டிக்காரரே எட்டிப் பாக்கறாருங்க."

பாதி குறைந்ததை நான் முழு விடை என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. இன்ஜெக்டர் கெட்டிருந்தது உண்மை, உந்தல் கூடியிருந்ததும் உண்மை. ஆனால் நல்ல பிளேட்டாக இருந்தால் அந்தக் கூடுதல் உந்தலையும் ஓரளவு விழுங்கியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து அந்தக் கிளட்ச் கதையை முதலிலிருந்து கேட்டேன். வால்பாறை ஏற்றத்தில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாடு நிற்கிறது என்று காரை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிற கூட்டம், பின்னால் லோடு வண்டி வரிசை. தம்பி ஹேண்ட் பிரேக் போடாமல் பாதி கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நின்றிருக்கிறார், ரெண்டு மூன்று தடவை. மொத்தம் 40 வளைவு, ஒன்பதாவதிலேயே கருகின வாசனை வந்துவிட்டது. எப்படியோ மேலே போய் இறக்கிவிட்டு மெதுவாகக் கீழே வந்து ஒரு கடையில் விட்டிருக்கிறார். மறுநாள் வண்டி ரெடி. புது செட்டுக்கு ஆகிற காசில் நாலில் ஒரு பங்குதான் ஆனதாம். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தக் காசுக்குப் புது பிளேட் வராது. பழைய பிளேட்டில் உராய்கிற மேல்பட்டையான ஃபேசிங்கை மட்டும் உரித்துவிட்டுப் புது ஃபேசிங் வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். அவர் சொன்ன 'புதுசு' அந்த ஃபேசிங்தான்.

இறக்கினோம். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றும் முன், சேர்கிற ரெண்டு ஃபிளாஞ்சிலும் பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள், மாற்றி மாட்டினால் இல்லாத அதிர்வு ஒன்று புதுசாக வரும், அப்புறம் அதற்கு ஒரு வாரம். கிளட்சை இயக்குகிற ஸ்லேவ் சிலிண்டரை ட்யூபோடு ஓரமாகக் கட்டிவைத்தால் ஏர் எடுக்கிற வேலை மிச்சம். பெட்டி இறங்கினதும் ஷெட் பையன் இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிவிட்டு, "அண்ணா, பேரிங் ஆடுது, அவங்க சொன்னது சரிதான்" என்றான். எல்லோரும் விழுகிற குழி இது. அந்த ஷாஃப்டின் மூக்கை வண்டியில் இருக்கும்போது பைலட் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழற்றி வெளியே வைத்தால் ஒரு பக்கம் ஆதாரம் இல்லாமல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சுற்றிப் பார்த்தால் கரடுமுரடாக இருக்கிறதா, முன்னும் பின்னும் இழுத்தால் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரெண்டும் இல்லை.

கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் அடியில் கறுப்புத் தூசி, கொஞ்சம் கிரீஸ், அதில் ஒட்டிக்கொண்டு பளிச்சென்று ஒன்று. எடுத்துத் துடைத்தால், அரை வளையம் அளவு மெல்லிசான ஸ்பிரிங் கம்பித் துண்டு. பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்குமே, அதைவிடக் கொஞ்சம் தடிமன். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிளேட்டைக் கழற்றினேன்.

ஃபேசிங் நன்றாக இருந்தது, ரிவெட்டும் ஒழுங்காக அடித்திருந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். நடுவில்தான் வயசு தெரிந்தது. நாலு பெரிய ஸ்பிரிங்கில் ரெண்டு விரலால் தள்ளினால் ஜன்னலுக்குள் உருண்டது. ஷெட்டில் கிடந்த ஒரு பழைய இன்புட் ஷாஃப்டை வைஸில் கட்டி, அதன் வரிப்பல்லில் (ஸ்ப்லைன்) பிளேட்டை ஏற்றி, கையால் இடமும் வலமும் திருப்பினேன். கொஞ்ச தூரம் எந்தப் பிடிப்பும் இல்லாமல் லொடக் லொடக் என்று போய் வந்தது, கீல் தளர்ந்த கதவு மாதிரி. பக்கத்துக் கடையிலிருந்து இதே வண்டிக்கான புது பிளேட் வாங்கி அதே ஷாஃப்டில் போட்டுத் தம்பியையே திருப்பச் சொன்னேன். அதே கொஞ்ச தூரத்தில் மெத்தென்று ஒரு எதிர்ப்பு, கையை விட்டால் தானாக நடுவுக்கு வந்து நிற்கிறது. அவர் ரெண்டு பிளேட்டையும் மாற்றி மாற்றி நாலைந்து தடவை திருப்பினார். அதற்கப்புறம் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய பிளேட்டில் சின்ன ஸ்பிரிங் உடைந்து, வாஷர் தேய்ந்து போயிருந்தது. ஃபேசிங் மாற்றுவதற்கு முன்பே கொஞ்சம் சோர்ந்திருக்கும். அப்போது ஏன் சத்தம் இல்லை என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கம்பி முழுசாக உடைந்தது அப்புறம்தான் என்பது என் கணிப்பு, மூன்றாவது இன்ஜெக்டரும் அதே சமயத்தில் ஒழுக ஆரம்பித்தது அதை வெளியே காட்டிக்கொடுத்தது. ஃபேசிங் மாற்றுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, ஸ்பிரிங் இல்லாத பழைய டிராக்டர் பிளேட்டுக்கெல்லாம் நானே அனுப்பியிருக்கிறேன். ஒன்றரை லட்சம் ஓடின டீசல் பிக்கப் பிளேட்டுக்கு அது கட்டுப்படியாகாது. மலிவு டூப்ளிகேட் பிளேட்டிலும் இதே கதை வரலாம், வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே அந்தச் சின்ன ஸ்பிரிங் அடுக்கே இருக்காது. வாங்கும்போது பழசையும் கொண்டுபோய் நடுவைப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டினது சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நாலும் புதுசு. பெட்டி இறக்கின பிறகு பேரிங்கில் மிச்சம் பிடிப்பது வீண். ரிலீஸ் பேரிங்கை மட்டும் தயவுசெய்து டீசலில் கழுவாதீர்கள், உள்ளே அடைத்துவைத்த கிரீஸ் இளகி வெளியே வந்துவிட்டால் அது ஆறு மாசம்கூடத் தாங்காது. ஃப்ளைவீல் முகத்தில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது, வெடிப்பு இல்லை, எமரி போட்டுச் சுத்தம் செய்ததோடு சரி. ஸ்ப்லைனில் கிரீஸ் ஒரு விரல் தடவல், அதற்கு மேல் வைத்தால் சுற்றுகிற வேகத்தில் தெறித்து ஃபேசிங்கில் விழும். ஃப்ளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே எழுதியிருக்கும், அதையும் ஒருமுறை படித்துவிட்டு, பிளேட்டை நடுவில் சரியாக நிறுத்தி, போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம்.

ஆழியாறு வரை போய் நன்றாகச் சூடேற்றி, குரங்கு அருவிக்குக் கொஞ்சம் முன்னால் ஓரங்கட்டி, நியூட்ரலில் விட்டுக் கேட்டோம். குனிந்து கியர் ராடு பக்கத்தில் காது வைத்தால் மட்டும் மெல்லிசாக ஒரு நமநமப்பு. அது எல்லா டீசல் பெட்டியிலும் இருக்கும், அதை எடுக்கப் போனால் முடிவே கிடையாது. ஹெட்லைட் போட்டோம், மாற்றம் இல்லை. திரும்பும்போது மூன்றாவது கியரில் 1,200-ல் வைத்து முழுக்க அழுத்தினேன், இழுத்துக்கொண்டு போனது.

தம்பிதான் ஓட்டிக்கொண்டு வந்தார். கோட்டூர் பிரிவு தாண்டினதும் ரேடியோவை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஏனுங்ணா, சீட்டுக்குப் பின்னால அடியில 'கொய்ங்'னு ஒண்ணு வருதே, இது முன்னாடி இல்லைங்களே?" என்றார். இருந்திருக்கும், அந்த லடலடவில் கேட்டிருக்காது. அறுபதைத் தொட்டால் வருகிறது, கிளட்ச் மிதித்தாலும் நிற்கவில்லை, நியூட்ரலில் உருளவிட்டாலும் நிற்கவில்லை. ஜாயிண்ட் ஷாஃப்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங். செவ்வாய்க்கிழமை லோடு இல்லை என்றார், வரச் சொல்லியிருக்கிறேன்.